பூட்டிய பேக்டரியின் சாவி யாரிடம் இருக்கிறது

மழை ஓய்ந்து மலைப்பாதை காய்ந்ததும் கேரளத்து இடுக்கி மலையிலுள்ள பீர்மேட்டுப் பக்கத்துப் படங்கள் வலையில் வரத் தொடங்கிவிடும். கூரை பிரிந்த தேயிலை பேக்டரி, சன்னல் கண்ணாடி உடைந்த துரை பங்களா, பாசி ஏறிய லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். கூடவே 'பேய் பங்களா', 'மனிதர் மறந்த ஊர்' என்று ஒரு வரி. படங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பொறுமையாக, உழைத்து எடுத்தவை. ஆனால் லயத்துப் படங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஏதாவது ஒன்று அகப்படும். கொடியில் காயும் பாவாடை. சுவரோரம் அடுக்கிய விறகு. கூரைமேல் விரித்த நீலத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்த கல். அது ஆள் இருக்கிற வீடு. பேக்டரி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, லயத்தில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. படம் எடுத்தவர் பாவாடையைக் கவனிக்கவில்லையா, கவனித்து வெட்டும்போது தவறவிட்டாரா என்பதுதான் எனக்கு ஓயாமல் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

2000ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேட்டில் எஸ்டேட்டுகள் வரிசையாக மூடிய கதை தெரிந்ததுதான். சம்பளப் பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்தரத்தில் நின்றன. லயத்தைக் காலி செய்துவிட்டால் பாக்கியைக் கேட்கப் பிடிமானம் இல்லாமல் போகும் என்று பலர் அங்கேயே இருந்துவிட்டார்கள். பிரித்துக்கொண்ட தேயிலைத் துண்டில் கொழுந்து எடுத்து வெளியே விற்றார்கள். கவாத்து (கிளை வெட்டு) கிடைக்காத துண்டுகளில் தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது. கம்பத்திலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பங்கள் இவை. திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே போனக்காட்டிலும் இதே நிலைதான். அங்கே பங்களாவையும் இறந்துபோன துரை மகளையும் பற்றிய கதையைக் கேட்டு ஆட்கள் ஏறிப் போகிறார்கள். லயத்தில் இருப்பவர்களின் கதையைக் கேட்டு ஏறியவர்கள் குறைவு.

இந்தக் கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கத்தான் வேண்டும், இன்னும் சில மழைக்காலம் போனால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. கேட்காமல் எடுத்தவருக்கு எதை எடுக்கிறோம் என்பதே தெரியாது என்பதுதான் என் வாதம்.

யாரைக் கேட்பது

எஸ்டேட் மூடியதால் உரிமையாளர் இல்லாமல் போய்விடுவதில்லை, கூடிப்போவதுதான் வழக்கம். கடன் கொடுத்த வங்கி, பிரிந்த பங்குதாரர்கள், நீதிமன்றம் வைத்த ரிசீவர், குத்தகைக்கு எடுத்தவர் என்று காகிதத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவரும் மலையில் இருக்க மாட்டார். மலையில் இருப்பவர்கள் வாட்ச்மேன், யூனியன் கன்வீனர், முன்பு பேக்டரி ஆபீசில் கணக்கு எழுதிய யாராவது ஒருவர். சாவி இந்த மூவரில் ஒருவரிடம் இருக்கும். இல்லாவிட்டால் யாரிடம் இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும். லயத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் தொடங்குவது நல்லது. கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, பேக்டரி எந்த வருசம் நின்னுச்சு? உள்ள போயிப் பாக்கணும்னா யாரைக் கேக்கணும்?" என்றால் போதும். முதல் கேள்விக்கே பதில் நீளமாக வரும். இரண்டாவதற்கு ஒரு பெயரும், பெரும்பாலும் கூடவே வர ஓர் ஆளும் கிடைக்கும்.

கூட வருபவரிடம் உள்ளே போகும் முன் பையைத் திறந்து காட்டிவிடுங்கள், வெளியே வந்ததும் மறுபடி காட்டுங்கள். மூடிய பேக்டரிகளில் பித்தளையும் செம்பும் களவு போவது ஓயாத தொல்லை. நாளை ஏதாவது காணாமல் போனால் பழி கடைசியாக உள்ளே போனவர் மேல்தான் விழும், கூட்டிப்போனவர் மேலும் விழும். சட்டத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையிலிருந்து அத்துமீறலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. வெறும் நிலமென்றால் மூன்று மாதம் வரை சிறை. குடியிருக்கும் வீடோ பொருள் வைத்திருக்கும் கட்டடமோ என்றால் ஓராண்டு வரை. இயந்திரம் ஒன்று மிச்சமிருந்தாலும் பேக்டரி இரண்டாவது வகையில் வந்துவிடலாம். எஸ்டேட் எல்லையில் வனத்துறையின் கல் ஜண்டைகளை (எல்லைக் கற்குவியல்களை) தாண்டினால் சங்கதி வேறு. அங்கே வாட்ச்மேன் கொடுத்த அனுமதி செல்லாது, ரேஞ்ச் ஆபீசில் எழுதி வாங்க வேண்டும். கைவிட்ட தோட்டத்துக்குள் காடு இறங்கிவிட்ட இடங்களில் யானையும் காட்டெருமையும் பகலிலேயே நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று லயத்தில் சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

தரையைப் படிப்பது

தேயிலை பேக்டரி மேலிருந்து கீழே வேலை செய்யும் கட்டடம். கொழுந்து மேல்மாடிக்கு ஏறி, கம்பிவலைத் தொட்டிகளில் 12 முதல் 18 மணி நேரம் வாடும். வாடியது மாடித் தரையில் வெட்டிய துவாரங்களில் பொருத்திய சூட் (சரிவுக் குழாய்) வழியாகக் கீழே ரோலர் அறைக்கு இறங்கும். அங்கே அரைபட்டு, பக்கத்து ஈர அறையில் நிறம் மாறி, டிரையரில் வெந்து, சல்லடை ஏறிப் பெட்டிக்குப் போகும். இந்தப் போக்கு தெரியாமல் மாடிக்கு ஏறுவதுதான் இந்தக் கட்டடங்களில் மிக ஆபத்தான காரியம். ஏனென்றால் அந்தத் துவாரங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சிலவற்றுக்கு மூடியே இல்லை. சிலவற்றின்மேல் மெல்லிய பலகையோ தகரமோ கிடக்கும். இருபது வருடத் தூசியும் தேயிலைப் பஞ்சும் படிந்ததால் தரையோடு தரையாகத் தெரியும். விழுந்தால் ஒரு மாடி உயரம், கீழே இரும்பும் சிமென்டும்.

அதனால் மாடியைக் கீழேயிருந்துதான் முதலில் பார்க்க வேண்டும். ரோலர் அறையில் நின்று டார்ச்சை மேலே அடித்தால் துவாரம் ஒவ்வொன்றும் தெரியும். வாசல் பக்கத்திலிருந்து சன்னல்களை எண்ணிக்கொண்டு, மூன்றாம் சன்னலுக்கு நேராக ஒன்று, ஏழாவதுக்கு நேராக ஒன்று என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் அந்தச் சன்னல்களே வழிகாட்டும். கீழே நிற்கும்போதே உத்திரங்களையும் பார்த்துவிடலாம். கறுத்து நீர் வடிந்த உத்திரத்துக்கு மேலே கூரையில் ஓட்டை இருக்கும், அந்த இடத்துப் பலகை இற்றுப் போயிருக்கும்.

மேலே நடக்கும்போது ஆணி வரிசையில் நடக்க வேண்டும். பலகையில் நேர்கோடாக ஆணித்தலைகள் தெரியும் இடத்துக்கு அடியில்தான் உத்திரம் ஓடுகிறது. இரண்டு வரிசைக்கு நடுவில் பலகையின் பலம் மட்டும்தான், அந்தப் பலத்தை நம்ப முடியாது. கையில் ஒரு தடி வேண்டும். தட்டினால் கணீரென்றால் சரி, தொப்பென்றால் கரையான் உள்ளே தின்றுவிட்டது. சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள், நல்ல மரத்தில் நுனி நிற்கும், கெட்டதில் இறங்கிவிடும். மரப்படியில் சுவரை ஒட்டி ஓரத்தில் கால் வைக்க வேண்டும், நடுவில் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும். தொட்டியின் கம்பிவலைமேல் எந்தக் காரணத்துக்காகவும் ஏறக் கூடாது, அடியில் காற்று போக விட்ட வெற்றிடம் இருக்கிறது. கீழ்த்தளத்திலும் கவனம் வேண்டும். பழைய ஷாஃப்ட் ஓடிய பள்ளங்களைத் தகரம் போட்டு மூடியிருப்பார்கள், அந்தத் தகரம் துருப்பிடித்து அப்பளமாகியிருக்கும். அடுப்புப் பக்கத்துத் தகரப் புகைபோக்கியை இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் அதன் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளியே நிற்க வேண்டும்.

மூன்று போல்ட்டுகள்

ரோலர் அறையைப் பலரும் 'வெறும் அறை' என்றே படம் எடுக்கிறார்கள். நீண்ட சிமென்டுத் தரை, ஒரு பக்கச் சன்னல் வெளிச்சம், நடுவில் ஒன்றுமில்லை. அப்படி ஒரு தரையைக் குனிந்து பார்த்தால் போல்ட் முனைகள் கூட்டங்கூட்டமாக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். மூன்று கூட்டம் ஒரு முக்கோணமாக நின்றால் அங்கே பழைய வட்ட ரோலர் இருந்தது. மூன்று காலில் நின்று, மூன்று கிராங்கில் சுற்றிக் கொழுந்தைக் கைபோலப் பிசைந்த இயந்திரம் அது. அந்த முக்கோணத்தின் ஒரு முனையை அறுத்துச் சிமென்டு பூசி, அதன் மேலேயே நீள்சதுரமாக வேறு போல்ட்டுகள் வரிசையாக வந்தால், பின்னாளில் கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு பேக்டரி இலைத்தூளிலிருந்து குருணைத் தூளுக்கு மாறிய வரலாறு ஆறடி இடத்தில் தரையில் கிடக்கிறது.

போல்ட்டின் முனையையும் பாருங்கள். மரை முழுதாக இருந்து, இடுக்கில் கறுத்த கிரீஸ் ஒட்டியிருந்தால் நட்டை முறையாகக் கழற்றி இயந்திரத்தைத் தூக்கியிருக்கிறார்கள். அது வேறு ஏதோ பேக்டரியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். முனை உருகி வழிந்து கட்டி தட்டியிருந்தால் கேஸ் கட்டர் வைத்து அறுத்தது, பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கிறது. ஹாக்சா பல் தடம் கோணல்மாணலாக இருந்தால் இரவில், அவசரத்தில் அறுத்தது. ஒரே அறையில் மூன்று விதமும் இருக்கும். முதலில் முறையாக விற்றது, பிறகு இரும்பாகப் போட்டது, கடைசியில் களவு என்று வீழ்ச்சியின் வரிசை அப்படியே தெரியும்.

இந்த விஷயத்தில் என் கருத்து ஒரு நிலைக்கு வந்தது இந்தப் போல்ட்டுகளால்தான். அதுவரை, ஆளில்லாத கட்டடத்தின் அழகு தனி, அதில் ஆட்களைப் பற்றிய கேள்வி தனி என்று பிரித்து வைக்க இடமிருப்பதாகவே தோன்றியது. ஆனால் தரையில் கிடக்கும் முக்கோணம் என்னவென்று புகைப்படக்காரருக்கு யார் சொல்வார்? கேமரா சொல்லாது. அந்த அறையில் நின்று வேலை பார்த்தவர்தான் சொல்வார், அவர் அரை கிலோமீட்டர் தள்ளி லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். டிரையர் எந்தப் பக்கம் நின்றது, அதன் நெற்றியில் பெல்பாஸ்ட் டேவிட்சன் கம்பெனியின் 'சிராக்கோ' பெயர்த்தகடு இருந்ததா, கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பெனியின் எழுத்து இருந்ததா, இலையின் நிறம் எப்போது சரியென்று கைவைத்துச் சொன்னது யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பாவாடையை வெட்டி எறிந்த படத்தில் இந்த அறிவும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. அதனால்தான் இந்தப் படங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்த மலையில் எடுத்தாலும் அதே கதவு, அதே வெளிச்சக்கீற்று.

ஒளியும் கேமராவும்

வாட்டும் மாடியில் இரண்டு பக்கமும் சன்னல், உள்ளே இருட்டு. ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் பிடிபடாது. ட்ரைபாடில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, மூன்று படம்: ஒன்று அளவாக, ஒன்று இரண்டு ஸ்டாப் குறைத்து, ஒன்று இரண்டு ஸ்டாப் கூட்டி. பலகைத் தரை மூச்சுவிட்டாலும் ஆடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பட்டனை அழுத்திவிட்டுக் கால் மாற்றி நின்றால் படம் இரட்டிக்கும். இரண்டு செகண்ட் டைமர் போதாது, பத்து செகண்ட் வைத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். ட்ரைபாடின் கால்களும் ஆணி வரிசைமேல் இருக்கட்டும். ரோலர் அறையில் 15 முதல் 30 செகண்ட் வரை தேவைப்படும். அங்கே போல்ட்டும் தரைத்தேய்வும் தெரிய வேண்டுமென்றால் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும், நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். குறிப்புக்கு எடுக்கும் படங்களில் ஓர் அடிக்கோலை வைத்துவிடுங்கள்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலை ஒளி நல்லது. மதியத்துக்குமேல் உடைந்த சன்னல் வழியாக மஞ்சு (மூடுபனி) உள்ளேயே வரும். அது அழகுதான், ஆனால் லென்ஸ் உடனே பூத்துவிடும். துடைத்துக்கொண்டே இருந்தால் கோடுதான் விழும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து இருபது நிமிடம் அந்தக் காற்றுக்குப் பழகவிட்டு எடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் பையில் இருக்கட்டும்.

உடம்புக்கு வருவன பற்றிச் சுருக்கமாக. கேரளத்தில் எலிக்காய்ச்சல் சாதாரணம். தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள், காலில் புண் இருந்தால் கம்பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். மழைக்காலத்தில் போவதென்றால் டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொள்வதைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். வெளவால் எச்சத்தைக் கிளறாதீர்கள், முகமூடி கட்டாயம். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மிதிக்கவோ நகர்த்தவோ வேண்டாம், சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. கிடக்கும் தகரத்தைக் கையால் தூக்காதீர்கள், அடியில் பாம்பு குளிர்காயும். புகைபோக்கியிலும் உத்திரத்திலும் மலைத்தேன் கூடு இருந்தால் ஃபிளாஷ் அடிக்காமல் திரும்பிவிடுங்கள்.

எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

எவரையும் தொந்தரவு செய்யாமல் எடுக்கக்கூடிய இடிபாடுகளும் இந்தக் கேரள-தமிழக எல்லையில் உண்டு. மூணாற்றுக்கு அருகே மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் அவற்றில் தலையாயது. 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் இரண்டடிப் பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகளை அங்கே கொண்டுவந்தது. அங்கிருந்து ரோப்வே அவற்றைப் போடிக்கு மேற்கே கொட்டகுடிக்கு இறக்கியது. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. மூணாற்றில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் இன்று கம்பெனி அலுவலகம். டாப் ஸ்டேஷன் சரிவில் ரோப்வேயின் அடித்தள எச்சம் புல்லுக்குள் கிடக்கிறது. பெரும்பாலோர் மேலே காட்சிமுனையில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். மேல் எச்சத்தையும் கொட்டகுடிப் பக்கத்தையும் ஒரே தொடராக எடுத்தால்தான் அந்தக் கம்பிப்பாதை எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்பது புரியும்.

மூணாற்றுப் பக்கத்துப் பெட்டிமுடிக்குக் கேமராவோடு போகாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் மண் சரிந்து லயங்கள் புதைந்து எழுபது பேர் போன இடம். அவர்களில் கயத்தாறுப் பக்கத்து வேருள்ள குடும்பங்கள் பல. உறவினர் வந்து விளக்கேற்றும் மண் அது.

மலையில் பழகியவர்கள் கடற்கரைக்கு இறங்கிக் கரைதட்டிய கப்பலைத் தேடுவதும் உண்டு. கொல்லத்தில் 2016இல் கரையேறிய ஹன்சிதா வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தபோது அதைச் சுற்றி நல்ல கூட்டம். கப்பலில் மலையில் இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. மூடிய இரும்பு அறையில் துரு ஏற ஏற அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனாலே உள்ளே போகக் கூடாது. பல வருடம் மூடியிருந்த தொட்டியில் அது மிகவும் இறங்கியிருக்கலாம். வாசனை இருக்காது, மூச்சுத் திணறலும் தெரியாது, ஏணியிறங்கிய ஆள் அப்படியே சரிந்துவிடுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். கருவி வைத்து அளக்காமல் தளத்துக்குக் கீழே எந்த மூடிய அறைக்குள்ளும் தலையை நீட்டக் கூடாது. கரையிலிருந்து, கடல் ஏற்றம் வடிந்த நேரத்தில், நீண்ட லென்ஸில் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலுக்கும் சட்டப்படி உடையவர் உண்டு. கடல் அரித்து வீடிழக்கும் கரைவாசிகளும் பக்கத்திலேயே உண்டு.

படத்தை என்ன செய்வது

வலையில் போடும்போது இடக்குறியை நீக்கிவிடுங்கள். எஸ்டேட்டின் பெயர் வேண்டாம், தாலுகா பெயர் போதும். பெயர்த்தகடு முழுதாக இருக்கும் டிரையரின் படம் சரியான இடக்குறியோடு வெளியானால் அதைத் தேடி ஆள் வருவார்கள். லயத்து வாசல், சன்னல், குளிக்கும் இடம் எதுவும் படச் சட்டகத்துக்குள் வர வேண்டாம். வந்தே ஆக வேண்டுமென்றால் அந்த வீட்டாரைக் கேட்டு, அவர்கள் பார்த்து ஒத்துக்கொண்ட படத்தை மட்டும் போடுங்கள். கீழே எழுதும் குறிப்பில் பேயும் மர்மமும் தேவையில்லை. எந்த அறை, அங்கே என்ன வேலை நடந்தது, எப்போது நின்றது, லயத்தில் இன்று ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள்.

பிறகு வண்டிப்பெரியாற்றிலோ குமுளியிலோ ஒரு ஸ்டுடியோவில் காகிதப் பிரின்ட் போட்டு லயத்துக்குக் கொண்டு போய்க் கொடுங்கள். பேக்டரியில் பதினைந்து வருடம் சல்லடை ஓட்டிவிட்டு, பூட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட உள்ளே போகாத பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அறை அறையாக, வாசலிலிருந்து வேலை நடந்த வரிசையிலேயே அடுக்கிக் கொடுத்தால் அவர்களே ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன எழுத வேண்டும் என்று சொல்வார்கள். பால்பாயின்ட் பேனா பிரின்டின் பின்பக்கத்தில் அழுந்தி முன்னால் தடம் விழும். மெல்லிய மார்க்கர் கொண்டு போங்கள், ஒரு பிரதியை யூனியன் ஆபீசிலும் வைத்துவிடுங்கள்.